பின்னால் வருகிறவர்

ததேயு இறந்த மறுநாள் காலையில், பயணிகள் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கப்பலுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒரு பேருந்தின் அளவு இருந்த நீலப் பனிக்கட்டிக்குள், மார்பில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் உயர்த்திய வலக்கையில் ஐஸ் கொக்கியுமாக, நின்ற நிலையில், கண்களை மூடி, வாயைப் பாதி திறந்து, ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தியவர் போல வந்துகொண்டிருந்தார். காற்று எதிர்த்திசையில் வீசியது, நீரோட்டமும் எதிர்த்திசையில் ஓடியது, ஆனாலும் பனிக்கட்டி கப்பல் போன திசையிலேயே வந்தது. முதலில் பார்த்தவர் ஜன்னலோர மேசையில் இருந்த ஒரு வயதான பல் மருத்துவர். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, உப்புக் குப்பியை மனைவியின் பக்கம் நகர்த்திவிட்டு, "நேற்றுக் காணாமல் போன ஆள் வந்துவிட்டான்" என்றார்.

அது வடகடலில் இருக்கும் ஒரு தீவைச் சுற்றிக் காட்டும் கப்பல். மரம் முளைக்காத தீவு அது. ஒரு பக்கம் பனியாறுகள் மலையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிவந்து கடலோரத்தில் இடிந்து விழும், இன்னொரு பக்கம் எரிமலைகள் புகைந்துகொண்டிருக்கும், கோடையில் சூரியன் தூங்கப் போவது போலப் போய் வாசலிலேயே திரும்பிவிடும். இதையெல்லாம் பார்க்கப் பணக்கார முதியவர்கள் உலகின் பல ஊர்களிலிருந்தும் வந்து அந்தக் கப்பலில் ஏறினார்கள். அவர்களுடைய போர்வைகளையும் துவாலைகளையும் துவைக்க, கப்பலின் அடித்தளத்தில் இருந்த சலவை அறையில், தூத்துக்குடிக்காரன் கிளீட்டஸ் வேலை பார்த்தான். ததேயு அவனுடைய அக்காள் பனிமயத்தின் கணவர். தூத்துக்குடியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் ஐஸ் கம்பெனி ஒன்றில் இளம் வயது முழுவதையும் கழித்தவர், மச்சினன் பிடித்துக் கொடுத்த வேலையில் அந்தக் கோடையில்தான் கப்பல் ஏறியிருந்தார்.

கப்பலின் மதுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பனியாற்றிலிருந்து உடைந்து மிதக்கும் துண்டுகளைப் பிடித்துவந்து சிறுசிறு கட்டிகளாக உடைத்து விஸ்கியில் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பனிக்குள் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய காற்று அடைபட்டிருக்கும், கரையும்போது அது சடசடவென்று வெடிக்கும், முதியவர்கள் கிண்ணத்தைக் காதில் வைத்துக் கேட்டுச் சிரிப்பார்கள். ஐஸோடு பழகிய ஆள் என்பதால் அதைப் பிடித்துவர ததேயுவை அனுப்பினார்கள். இறந்த அன்று காலை ரப்பர் படகில் இறங்குவதற்கு முன்னால் அவர் பனிமயத்துக்கு போன் பேசினார். "இங்கயும் ஐஸ்தான் உடைக்கேன் பனிமயம், சம்பளம் மட்டும்தான் மாறியிருக்கு" என்று சிரித்தார். பிறகு வழக்கம்போல, "சரி, வாரேன்" என்று சொல்லி வைத்தார்.

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் கிளம்புகிற யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. கடைத்தெருவுக்குப் போனாலும் கடலுக்குப் போனாலும் வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வழியனுப்புகிறவர்களும் போ என்று சொல்வதில்லை, போயிட்டு வா என்றுதான் சொல்வார்கள். இது யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, பேச்சு வரும்போதே நாக்கில் வந்துவிடுகிறது.

ததேயு போனார். பனியாற்றின் முகப்பில் ஒரு கோயில் கோபுரம் அளவுக்குப் பனி இடிந்து விழுந்தது, அலை எழுந்தது, படகு கவிழ்ந்தது, படகோட்டி கிடைத்தான், ததேயு கிடைக்கவில்லை.

பனிக்கட்டி வந்த அன்று கேப்டன் வேகத்தைக் கூட்டினார், அதுவும் வேகத்தைக் கூட்டியது. குறைத்தார், அதுவும் குறைத்தது. நங்கூரம் போட்டு நின்றபோது, விருந்துக்கு வந்த இடத்தில் வாசலுக்கு வெளியே நிற்கும் தூரத்து உறவுக்காரரைப் போல, கூப்பிடு தூரத்தில் அதுவும் நின்றது. கயிறு கட்டி இழுக்கப் படகு அனுப்பினார்கள். படகு நெருங்க நெருங்கப் பனிக்கட்டி பின்வாங்கியது, படகு திரும்பியதும் பழைய இடத்துக்கு வந்து நின்றது. கேப்டன் கம்பெனிக்குத் தகவல் கொடுத்துக் காத்திருந்தார். பதில் சாயங்காலம் வந்தது. கப்பலோடு வந்துகொண்டிருக்கிற ஒருவரைக் கப்பலை விட்டுப் போனவராகக் கருத முடியாது, ஆகவே அவர் பணியில்தான் இருக்கிறார், பணியில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று அவருடைய வீட்டாருக்கு யாரும் தெரிவிக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பதில்.

அதனால் ததேயு பணியில் இருந்தார். அவருடைய சீருடை வாரத்துக்கு இரண்டு முறை சலவைக்கு வந்தது, யாரும் போடாத அந்தச் சட்டையைக் கிளீட்டஸ் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பினான். சமையலறையில் பிலிப்பைன்ஸ்காரர் ரெனாட்டோ அவருக்கென்று ஒரு தட்டுச் சோறு எடுத்து வைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அதைக் கப்பலின் பின்பக்கம் கொண்டுபோய்க் கடலில் போட்டார். மதுக்கூடத்தில் சில நாட்கள் யாரும் ஐஸ் கேட்கவில்லை, எல்லாரும் வெறும் விஸ்கியைக் குடித்து முகத்தைச் சுளித்தார்கள், பிறகு ஒருவர் மெதுவாக, எங்கேயோ பார்த்தபடி ஒரே ஒரு கட்டி கேட்டார், அதற்குப் பிறகு எல்லாரும் கேட்டார்கள். வலப்பக்க அறைகளில் இருந்தவர்கள் தங்களுக்கு அவர் தெரிவதில்லை என்று குறைபட்டுக்கொண்டதால், கப்பல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திரும்பி நின்று நங்கூரம் போட்டது. ஒரு அம்மையார் கம்பளி நூலில் அவருக்கென்று ஒரு குல்லாய் பின்ன ஆரம்பித்தார். காலையில் தளத்துக்கு வருகிறவர்கள் திமிங்கிலம் தெரிகிறதா என்று முன்பக்கம் பார்த்துவிட்டு, ததேயு வருகிறாரா என்று பின்பக்கம் பார்த்துவிட்டு, காபி குடிக்கப் போனார்கள்.

பனிமயத்தின் போன் கிளீட்டஸுக்குத்தான் வந்தது.

"எல, அவரு போனு எடுக்கவே இல்லியே. எங்க இருக்காரு?"

கிளீட்டஸ் அப்போது பின்தளத்தில் நின்றுகொண்டிருந்தான். எதிரில் நீலப் பனி, அதற்குள் அத்தான்.

"பின்னாலயேதாங்க்கா வாராரு" என்றான்.

"பின்னாலன்னா? வேற கப்பல்லயா?"

"வேறதான். இதுக்குப் பின்னாலயே வருது."

"அங்கயாவது நல்ல சோறு போடுதாவளா?"

"ரெனாட்டோ தெனமும் போடுதாருக்கா."

"சரி. கோயில்ல கொடியேறியாச்சு. ஊரே வெயில்ல வேவுது, எல்லாரும் பனிமய மாதாவைப் பாத்துக் கொஞ்சம் பனிய அனுப்புன்னு கேக்கானுவ. உங்க அத்தான் இருந்தா மொதல்ல எனக்கு அனுப்பு மாதாவேன்னு சொல்லுவாரு. பேருதான் பனிமயம், தொட்டாக் கொதிக்குதுன்னு என்னயக் கேலி பண்ணுவாரு. வாராருல்ல, அது போதும். நீ சாப்பிட்டியா?"

அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் கேட்டாள், வாராரா? ஒவ்வொரு நாளும் அவன் பின்னால் பார்த்துவிட்டு, வாராரு என்றான். அவள் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள், ததேயுவுக்குப் பிடித்த ஊளி மீனைக் கருவாடு போட்டு வைத்தாள், வீட்டு வாசல் கதவுக்கு நீல வண்ணம் அடித்தாள். உண்மையையே சொல்லி ஒருத்தியை இந்த அளவுக்கு ஏமாற்ற முடியும் என்று கிளீட்டஸுக்கு அதுவரை தெரியாது. தெரிந்த பிறகும் அவனால் நிறுத்த முடியவில்லை.

தீவின் தெற்குக் கரைக்குக் கப்பல் வந்தபோதுதான் பயம் வந்தது. அங்கே எரிமலையின் நெருப்புக் குழம்பு கரிய மணலைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, கடல் சீறியது, வெள்ளாவி வானத்துக்கு ஏறியது, தளத்தில் விழுந்த சாம்பலைக் கூட்டிக் கூட்டித் துடைப்பங்கள் தேய்ந்தன. பயணிகள் எரிமலையைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்கள், ஆனால் அன்று எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கம் நின்றார்கள். வெந்நீராக இருந்த கடலுக்குள் பனிக்கட்டி தயங்காமல் வந்தது. அதன் ஒரு தோள் நழுவி விழுந்தது. மேல்பக்கம் வழிந்தது. கப்பல் அந்தக் கரையைத் தாண்டியபோது கொக்கியின் இரும்பு நுனி பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குல்லாய் பின்னிய அம்மையார் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு அழுதார்.

"இது தாங்காது, கிளீட்" என்றார் ரெனாட்டோ. "சுற்று முடிந்ததும் நாம் தெற்கே போகிறோம். அங்கே கடல் சூடு. அவரும் வருவார். பிறகு மீனுக்குத்தான்."

"தெரியும்."

"தெரியும் என்று சொல்லிக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாய்."

கப்பல் தீவைச் சுற்றி முடித்து, ததேயுவை இழந்த அதே குடாவுக்கு, அதே பனியாற்றின் அடிக்கு வந்து நின்றது. அந்தக் குடாவின் ஓரத்தில் சிவப்புக் கூரை போட்ட சில வீடுகளும் ஒரு சின்னக் கோயிலும் இருந்தன. கோயிலின் பாதிரியார் ஒரு பெண், பெயர் ராக்னா. பெண் பாதிரியாரைக் கண்டிராத கிளீட்டஸ் ஃபாதர் என்று தொடங்கி, மதர் என்று மாற்றி, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டான். அவர் ரப்பர் பூட்ஸ் போட்ட காலோடு கரையில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பனிக்கட்டியைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் கடிகாரக்காரர் நின்றுபோன கடிகாரத்தைப் பார்க்கும் பார்வை அது.

"வருகிறேன் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார்" என்றார் ராக்னா. "எங்கள் ஆட்களும் சிலர் இப்படி வந்திருக்கிறார்கள். போ என்று சொன்னால் பனியாற்றின் அடிக்குத் திரும்பிப் போய் நின்றுகொள்வார்கள். குளிர்காலத்தில் இந்தக் குடா உறைந்துவிடும். நாங்கள் மேலே நடந்துபோய், வெட்டி எடுத்து, மண்ணில் வைப்போம். சிலுவை நடுவோம். உங்கள் மொழியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும்."

"சொல்லலைன்னா?"

"உங்கள் பின்னால் வருவார். இருக்கும்வரை வருவார்."

கப்பல் பிற்பகலில் கிளம்ப வேண்டும். கேப்டன் ஒலிபெருக்கியில் ததேயுவைப் பணியிலிருந்து விடுவிப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்தார், கம்பெனியின் சார்பில் நன்றியும் சொன்னார். பனிக்கட்டி அசையவில்லை. ரெனாட்டோ தன் மொழியில் கெஞ்சினார். பயணிகள் கைகோத்து நின்று ஏழெட்டு மொழிகளில் போ என்றார்கள். அசையவில்லை. பிறகு கிளீட்டஸ் படகில் இறங்கி, பனிக்கட்டி பின்வாங்காத தூரம்வரை போய் எழுந்து நின்றான்.

அவன் பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத சொல் அது.

"போங்க, அத்தான்" என்றான்.

பனிக்கட்டி ஒரு முறை நடுங்கியது. அதன் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. பிறகு முன்போலவே நின்றது.

கரைக்கு வந்ததும் ராக்னா கேட்டார், "வருகிறேன் என்று அவர் உன்னிடமா சொன்னார்?"

"இல்ல, எங்க அக்காகிட்ட" என்றான் கிளீட்டஸ். பிறகு போனை எடுத்தான்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். படகு கவிழ்ந்ததைச் சொன்னான், பனிக்கட்டியைச் சொன்னான், தினமும் தான் சொன்ன வாராரு என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னான். மறுமுனையில் கோயில் மணிச் சத்தமும் நாதஸ்வரச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது, நாதஸ்வரம் தூரமாயிற்று.

"நீ பொய் சொல்லலியே" என்றாள். "வாராருன்னுதானே சொன்ன."

"எக்கா."

"நல்லாச் சொன்னல. வாசக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சேன்." அவள் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது. "முகம் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. கண்ணு மூடியிருக்கு."

"கை?"

"கொக்கியப் பிடிச்சிருக்கு."

"ஐஸ் கம்பெனி விட்டு வந்தா அந்தக் கை ரெண்டும் வெறைச்சுக் கெடக்கும். வந்ததும் வராததுமா என் வயித்துல வச்சிருவாரு. நான் சண்ட போடுவேன். போட்டுக்கிட்டே வச்சிருப்பேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப நான் என்ன செய்யணும்?"

கிளீட்டஸ் சொன்னான். போங்க என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை மட்டும். சொன்னால் அவருக்கு ஒரு கல்லறை கிடைக்கும். சொல்லாவிட்டால் தண்ணீரில் கரைந்து போவார்.

"மண்ணு கெடைக்கும்லா?"

"கெடைக்கும். கோயிலுக்குப் பக்கத்துலயே."

"என்னைக்காவது ஒரு நா நான் வந்து பாக்கலாம்லா?"

"பாக்கலாங்க்கா."

"சரி. போனை அவருகிட்டக் காட்டு. நீ கேக்காத."

கிளீட்டஸ் மறுபடியும் படகில் போனான், போனை ஒலி கூட்டி, இரண்டு கைகளாலும் பனிக்கட்டியை நோக்கி நீட்டினான். காதைப் பொத்த அவனுக்குக் கை இல்லை. அதனால் கேட்டான். பனிமயம் கணவனிடம் சின்னச் சின்ன விஷயங்களைச் சொன்னாள். கதவு நல்ல நீலமாக வந்திருக்கிறது என்றாள். ஊளி மீன் நன்றாகக் காய்ந்துவிட்டது என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போன ஏணியை இன்னும் திருப்பித் தரவில்லை, நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றாள். கப்பலின் பின்தளத்தில் நின்ற முதியவர்கள் ஒரு சொல்லும் புரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு அவள் குரலைச் சரிசெய்துகொண்டாள். பத்து வருஷமாக ஒவ்வொரு நாள் காலையிலும் வாசலில் நின்று அவரை ஐஸ் கம்பெனிக்கு அனுப்பிய அதே குரல் வந்தது.

"சரி, நேரமாவுது. போயிட்டு வாங்க" என்றாள்.

பனிக்கட்டி திரும்பியது. பேருந்து தெருமுனையில் திரும்புவது போல, நிதானமாக, பின்பக்கத்தைக் காட்டித் திரும்பி, பனியாற்றை நோக்கிப் போகத் தொடங்கியது. கப்பலில் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கேப்டன் சங்கை ஊதினார். கரையில் ராக்னா சிலுவை போட்டுக்கொண்டு, எந்த இடத்தில் தோண்டலாம் என்று கோயில் பக்கம் பார்த்தார். அந்தக் குடாவில் தமிழ் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவன் போனை நீட்டிய கையை மடக்காமல் படகில் நின்றுகொண்டிருந்தான்.

அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. போங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். போங்க என்று சொல்லிவிட்டதாகவே நினைத்தாள்.

படகைத் தூக்கிக் கப்பலில் வைத்தார்கள், நங்கூரத்தை எடுத்தார்கள், கப்பல் குடாவின் வாயை நோக்கி நகர்ந்தது. கிளீட்டஸ் பின்தளத்துக்கு ஓடினான். பனிக்கட்டி பனியாற்றின் அடியைத் தொட்டது. சொன்னபடி போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு மனிதன் வாசற்படியில் செருப்பைக் கழற்றும் நேரம் நின்றது. பிறகு, சொன்னபடியே, திரும்பியது.

போனில் பனிமயம் இன்னும் இருந்தாள்.

"எல, போயிட்டாரா?"

பனிக்கட்டி குடாவின் நடுவுக்கு வந்துவிட்டது. கொக்கியின் நுனி வெயிலில் மின்னியது.

"போயிட்டாருக்கா" என்றான் கிளீட்டஸ்.

"திரும்பிப் பாக்கலியே?"

"இல்ல."

"நல்லது. பாத்தா எனக்குத் தாங்காது." அவள் எங்கேயோ உட்கார்ந்தாள் போலிருந்தது, நாற்காலி கிறீச்சிட்டது. "தாலிய நாளைக்குக் கழட்டுதேன். இன்னைக்குத் திருவிழா. இன்னைக்கு ஒரு நா இருக்கட்டும். நீ பாத்து வா, என்ன?"

சரி, வாரேன் என்று சொல்லி வைக்க வேண்டிய இடம் அது. அந்த வார்த்தை அவன் நாக்குவரை வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தான்.

கப்பல் தெற்கே போனது, ததேயு பின்னால் வந்தார். முதல் நாள் பனிக்கட்டி ஒரு லாரி அளவு இருந்தது, பிறகு ஒரு வள்ளத்தின் அளவு ஆயிற்று, பிறகு நிறுத்திவைத்த ஒரு கதவின் அளவு ஆயிற்று. பயணிகள் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். குல்லாய் பின்னி முடிந்திருந்தது, அந்த அம்மையார் அதை என்ன செய்வது என்று தெரியாமல் சலவை அறைக்குக் கொண்டுவந்து, மடித்து வைத்திருந்த சீருடையின் மேல் வைத்துவிட்டுப் போனார். ரெனாட்டோ சோற்றைப் பனிக்கட்டிக்கு இன்னும் அருகில் விழும்படி வீசக் கற்றுக்கொண்டார். கடல் பச்சையாக மாறி, காற்று இளம்சூடாக மாறி, பறக்கும் மீன்கள் துள்ளத் தொடங்கிய காலையில், கையை உயர்த்தி நிற்கும் ஒரு ஆளைச் சுற்றி ஒரு சட்டையின் கனத்துக்கு மட்டுமே பனி இருந்தது. அவருடைய வாய் அசைவது போலக் கிளீட்டஸுக்குத் தோன்றியது. அது பனி உருகி வழிந்ததாகவும் இருக்கலாம்.

மத்தியானம் அவன் பார்க்கும்போது பனி இல்லை, கொக்கி இல்லை, ஆரஞ்சு நிறமும் இல்லை. கடல் முழுவதும் அலை இருந்தது. ஒரு ஆள் அகலத்துக்கு, அலையே இல்லாத வழவழப்பான ஓர் இடம் மட்டும், கூப்பிடு தூரத்தில், கப்பலுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.